தேறாத வண்டி

அத்தியாயம் பதினேழு

திங்கட்கிழமை காலையில் பட்டறையின் முன்னறையில் பட்டறையம்மாள் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், யாரோ அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். போன் அடித்தால் எடுத்தாள். வந்தவர்களிடம் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள். இடத்தைவிட்டு மட்டும் எழுந்திருக்கவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்குக் கனம் மேசையின் அடி இழுப்பறையில் இருந்தது.

அதற்குள் என்ன இருக்கிறது என்பது வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வந்து சேர்ந்தவர்கள் முழிக்க வேண்டாம். ஒரு நடை பின்னால் போய்வந்துவிடலாம்.

பட்டறை அவள் வீட்டுக்காரருடையது. வண்டிகளுக்கு வருஷச் சோதனை செய்து, தேறியதென்றால் கண்ணாடியில் வில்லை ஒட்டும் அனுமதி அவருக்கு உண்டு. ஊர் அவருக்கு வைத்த பெயர் கறார். மைத்துனன் வண்டியென்றாலும் மந்திரி வண்டியென்றாலும் டயர் தேய்ந்திருந்தால் தேறாது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற மனிதர். வண்டி விஷயத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததாக எதிரிகூடச் சொன்னதில்லை.

அவர்களுடைய சின்ன மகள், வீட்டில் எல்லோருக்கும் வாலு, ஐந்து மணி நேரத் தொலைவில் வேறொரு மாகாணத்தில் மாட்டு வைத்தியம் படிக்கிறாள். பண்ணை பண்ணையாகப் போய்வர வேண்டிய படிப்பு என்பதால் அம்மா பேரில் இருந்த பழைய கார் அவளிடம் போயிற்று. வேறு மாகாணத்தில் குடியேறினால் வண்டிக்கும் அந்த மாகாண நம்பர் வாங்க வேண்டும் என்பது சட்டம். படிக்கப் போனவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு. படிப்பு முடிகிறவரை சொந்த ஊர் நம்பரிலேயே ஓட்டிக்கொள்ளலாம். ஆனால் வருஷம் ஒருமுறை வண்டி ஊருக்கு வந்து சோதனையில் தேற வேண்டும். வேலையில் சேர்ந்துவிட்டால் விலக்கு போயிற்று.

பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய மற்றவர்கள் இந்த விதியை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். பட்டறையம்மாள் திட்டியதில்லை. அரசாங்கம் போட்ட சட்டத்திலேயே தாய் மனசு தெரிந்த எவனோ போட்ட சட்டம் இது ஒன்றுதான் என்பது அவள் கட்சி. காரணம் மூத்தவன். அவனும் படிக்கத்தான் போனான். படித்த இடத்திலேயே வேலை, வேலைக்குப் பின்னாலேயே புது நம்பர். சோதனைக்கு ஊருக்கு வர வேண்டிய அவசியம் தீர்ந்தது. அப்புறம் ஒவ்வொரு விடுமுறைக்கும் 'வரேம்மா' என்ற வார்த்தை மட்டும் வந்தது.

வாலு வெள்ளிக்கிழமை வந்தாள். சனிக்கிழமை காலையில் கறார் மகள் வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தார். முன்சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸில் வெடிப்பு. தேறவில்லை. அந்தப் பழைய மாடல் ஹோஸ் ஊரில் யாரிடமும் இல்லை. அவசரமென்று வெளியூரில் சொல்லி வைத்தார். அது அன்று மத்தியானமே வந்துவிட்டது. அவர் சாப்பிடப் போயிருந்த நேரம். கையெழுத்துப் போட்டு வாங்கியவள் பட்டறையம்மாள்.

வாங்கியதை இழுப்பறையில் போட்டாள். அவர் வந்து கேட்டபோது, "இன்னும் வரலீங்க. திங்கக்கிழமை வருமாம்" என்றாள். ரொம்ப யோசித்துச் செய்த காரியமில்லை. இன்னும் இரண்டு நாள் பிள்ளை வீட்டில் இருக்கட்டுமே என்று மனசு சொன்னது, கை கேட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் போயிற்று. வாலு வெயில் ஏறும்வரை தூங்கினாள். அப்பாவோடு சீட்டாடித் தோற்றாள், தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் சண்டை போட்டாள். அம்மா மடியில் தலைவைத்து ஒரு கன்றுக்குட்டியைத் தலைகீழாக வெளியே எடுத்த கதையைச் சொன்னாள். பட்டறையம்மாள் அந்த ஒரு நாளை ஆற அமர அனுபவித்தாள்.

"என்னம்மா, வண்டி வந்துச்சா?"

ரொட்டி வண்டிக்காரர் சாவியை நீட்டியபடி நின்றார். வருஷத்தில் பாதி நாள் அவர் வேன் இங்கேதான் கிடக்கும்.

"எந்த வண்டி?"

"சாமான் வண்டிதான். பெத்த மக காரையே ஃபெயில் போட்டுட்டு உக்காந்திருக்காராமே மனுஷன். கடைத்தெரு பூரா இதே பேச்சு. நாளைக்கு என் வேனப் பாத்து என்ன சொல்லப்போறாரோ."

"உங்க வேன நாங்க ஃபெயில் போட வேண்டியதில்ல. அது தானாவே போட்டுக்கும்."

ரொட்டிக்காரர் சிரித்துக்கொண்டே போனார். அவள் சிரிக்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டினாள், அது நழுவி விழுந்தது, குனிந்து எடுத்து மறுபடி மாட்டினாள்.

ஒன்பது மணி தாண்டியபோது வாலு வந்தாள். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை. பண்ணைச் சேற்றில் பூட்ஸ் போட்டுத் திரிகிறவளை இந்தக் கோலத்தில் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

"என்னடி இது, பொண்ணு பாக்க வராங்களா?"

"வந்தா எந்திரிச்சு ஓடிடுவேன். அம்மா, ஹோஸ் வந்துடுச்சா?"

"இல்ல. வரும்."

"எப்ப வரும்?"

"வந்தாத்தான் தெரியும்."

வாலு உட்காரவில்லை. மேசைமேல் இருந்த ரப்பர் முத்திரையை எடுத்து உள்ளங்கையில் குத்திக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து பயந்தால் செய்கிற வேலை அது.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாகிட்ட இப்ப சொல்லாத."

"சொல்லு."

"இன்னிக்கு மூணு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. எங்க காலேஜ் ஆஸ்பத்திரியிலயே. ஒரே ஒரு இடம். மூணு வருஷமா நான் எந்த டாக்டர் பின்னாடி வாளி தூக்கிட்டு அலையறேனோ, அவர்கிட்டயே வேலை. நாலு மணிக்கு முடிச்சிட்டு எல்லாரும் கிளம்பிடுவாங்க."

"வேலையா?"

"ஆமா."

"அங்கயா?"

"ஆமாம்மா."

பட்டறையம்மாள் கேட்ட இரண்டு கேள்விக்கும் நடுவில் மூத்தவன் வந்து நின்றுவிட்டுப் போனான். வேலை என்றால் விலக்கு போயிற்று. விலக்கு போனால் நம்பர் போயிற்று. நம்பர் போனால் வருஷச் சோதனைக்கு யார் வரப்போகிறார்கள்?

"ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"சொன்னா உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? இப்பப் போயிருக்கே, இப்படித்தான். கிடைச்சா சொல்லிக்கலாம், கிடைக்கலன்னா சொல்லவே வேண்டாம்னு நினைச்சேன். எனக்கு அது வேணும்மா. வேற எதையும் நான் இவ்ளோ வேணும்னு கேட்டதில்ல."

"பஸ்ஸு?"

"விடியக்காலையிலயே போயிடுச்சு. நீதான காலையில மொத வண்டியிலயே சாமான் வந்துடும்னு சொன்ன. அதை நம்பித்தான் இருந்துட்டேன். வாடகைக் கார் கேட்டேன், மாகாணம் தாண்டி வரமாட்டாங்களாம். அப்பா வேன் இருக்குன்னு பாத்தா, அது எஞ்சின் இல்லாம நிக்குது. ஊர் வண்டியெல்லாம் ஓட வைக்கிறவரு, சொந்த வண்டி மட்டும் கோழி அடையற கூண்டா கிடக்கு." வாலு சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பத்து மணிக்குள்ள கிளம்பினாக்கூடப் போதும். அந்த சாமான் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுப் பாரேன்."

"போடறேன்" என்றாள் பட்டறையம்மாள். "நீ போய் உன் பையெல்லாம் எடுத்து வாசல்ல வை."

வாலு ஓடினாள். அவள் செருப்புச் சத்தம் மறைகிறவரை பட்டறையம்மாள் அசையவில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்தாள்.

பட்டறைக்குள் கறார் ரொட்டி வேனின் வயிற்றுக்கடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது கால் மட்டும்தான். பக்கத்தில் மூன்று சக்கரத்தோடு மகள் வண்டி ஜாக்கியில் நின்றது.

"என்னங்க. கொஞ்சம் வெளிய வாங்க."

"சொல்லு, காது இங்கதான் இருக்கு."

"வெளிய வாங்கன்னா வாங்க."

அவர் தவழ்ந்து வந்து எழுந்தார். அவள் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். "வந்துடுச்சா? குடு குடு. வாலு காலையிலருந்து நாலு தடவ எட்டிப் பாத்துட்டா."

"சனிக்கிழமையே வந்துடுச்சுங்க."

"என்னது?"

"நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப வந்துச்சு. நான்தான் வாங்கினேன். உள்ள போட்டுட்டேன்."

"ஏன்?"

இந்த ஒற்றைக் கேள்விக்கு அவள் இரண்டு நாளாகப் பதில் தயாரித்து வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டாள். பதிலுக்கு இன்டர்வியூ விஷயத்தைச் சொன்னாள். மூன்று மணி, ஒரே இடம், அந்த டாக்டர், வாளி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே கண்ணீர் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினாள். கையில் ஹோஸ் இருந்தது.

கறார் அவள் கையிலிருந்து ஹோஸை வாங்கிக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"வாலு" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

"நானே சொல்லிடறேங்க" என்றாள் அவள். அதற்குள் வாலு வந்துவிட்டாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை.

"வந்துடுச்சாப்பா?"

"வந்துடுச்சு" என்றார் கறார். "சனிக்கிழமையே வந்துடுச்சு. நான்தான் உள்ள வெச்சிருந்தேன்."

வாலுவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பட்டறையம்மாளுக்கும் அப்படித்தான். தான் கேட்டது சரிதானா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"எதுக்குப்பா?"

"நீ ரெண்டு நாள் இருப்பேன்னு."

"நான் இருந்திருப்பேனே. இருன்னு சொல்லியிருந்தா போன வாரமே வந்திருப்பேனே." வாலுவின் குரல் ஏறவில்லை, இறங்கியது. "ஊர்ல ஒருத்தன் வண்டிக்கும் நீங்க பொய் சொன்னதில்ல. ரொட்டிக்காரர் வேனுக்குக்கூட சொன்னதில்ல. நான் ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவேன், எங்கப்பா என் காரையே ஃபெயில் போடுவார்னு. கடைசியில என் வண்டிக்குத்தான் சொன்னீங்களா?"

இப்போது பேச வேண்டியவள் பட்டறையம்மாள். அவளுக்கும் அது தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை, 'நான்தான்' என்ற வார்த்தை, நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரத்தில் வாலு அவள் பக்கம் திரும்பி, "நீயாவது அப்பாகிட்ட கேட்டு வாங்கினியேம்மா" என்றாள்.

வந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"பேச நேரமில்ல" என்றார் கறார். "நீ போன் பண்ணிக் கொஞ்சம் தாமதமாகும்னு சொல்லு. உங்கம்மா பெடல் அழுத்தட்டும்."

பிரேக் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோஸ் மாற்றுவது பெரிய காரியமில்லை. மாற்றியபின் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்த வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். ஒரு துளிக் காற்று உள்ளே நின்றாலும் பிரேக் கைவிட்டுவிடும்.

பட்டறையம்மாள் மகள் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டிக்குள் மருந்து நெடியும் மாட்டு வாசனையும் கலந்து அடித்தது. பக்கத்து இருக்கையில் ஒரு ரப்பர் கையுறை, தோள்வரை வருகிற நீளம். கண்ணாடிக்குக் கீழே ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. போன வருஷச் சோதனைக்கு வந்தபோது பட்டறை வாசலில் மூவரும் எடுத்துக்கொண்டது.

"அழுத்து" என்றார் அவர் கீழிருந்து. "பிடி. விடு."

அழுத்தினாள், பிடித்தாள், விட்டாள். வெளியே வாலு போனில் பேசிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். "சார், வண்டி ரிப்பேர் சார்... இல்ல சார், கிளம்பிடுவேன்... நாலு மணிக்கு வந்தா..." அப்புறம் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லிடறேங்க" என்று பட்டறையம்மாள் தரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "நீங்க எதுக்குப் பழி ஏத்துக்கணும்?"

"பிடி."

"என்னால முடியலைங்க."

"பெடல விடாதன்னு சொன்னேன். விட்டா காத்து திரும்ப ஏறிடும்."

அவள் பிடித்தாள்.

எண்ணெயோடு குமிழி வந்துகொண்டே இருந்தது. பத்து மணி போயிற்று, பத்தரை போயிற்று. வாலு வந்து சக்கரத்தருகே குந்தினாள். வெள்ளைச் சட்டையின் முழங்கையில் கருப்பு ஒட்டியிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"போதும்ப்பா. நான் மெதுவா ஓட்டிட்டுப் போறேன்."

"இன்னும் காத்து இருக்கு."

"கொஞ்சம்தான இருக்கு."

"கொஞ்சம் இருந்தா அனுப்ப முடியாது."

"ரெண்டு நாள் ஒளிச்சு வெச்சிட்டு, இப்ப எங்கிட்ட சட்டம் பேசறீங்களா?"

"பேசறேன்" என்றார் கறார். "அழுத்து."

பட்டறையம்மாள் அழுத்தினாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே இறங்கி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் இல்லடி, நான், என்று சொல்லியிருக்கலாம். அவளைத் தடுக்க யாரும் இல்லை. பெடல்தான் காலடியில் இருந்தது. அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டாள்.

சக்கரம் மாட்டி, தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்து, கறார் சாவியை நீட்டியபோது பதினொன்றரை ஆகிவிட்டது. கண்ணாடியில் புது வில்லையை ஒட்டி நான்கு மூலையிலும் கட்டைவிரலால் தேய்த்தார்.

"பாத்துப் போ" என்றார். "அங்க போய்ச் சேர்றதுதான் முக்கியம். எத்தன மணிக்குன்னு இல்ல."

"எனக்கு எத்தன மணிக்குங்கறதுதான் முக்கியம்ப்பா" என்றாள் வாலு. அவர் முகத்தைப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எப்போதையும்விட இறுக்கமாக, எப்போதையும்விட அதிக நேரம். காதுக்குப் பக்கத்தில், "உன்னால ஒண்ணும் இல்லம்மா, நீ அழாத" என்றாள்.

பட்டறையம்மாள் வாழ்க்கையில் நிறைய ஏச்சு வாங்கியிருக்கிறாள். மாமியார் ஏச்சு, கடன்காரர் ஏச்சு, சோதனையில் தேறாதவர்களின் ஏச்சு. எதுவும் இந்த ஆறுதல் அளவுக்கு வலித்ததில்லை.

வண்டி திருப்பத்தில் மறைந்தது. கறார் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற?"

"உண்மைய."

"உண்மைய நீ சொல்லியிருக்கலாமே. நான் உன் வாயையா கட்டினேன்?"

அவர் ரொட்டி வேனைப் பார்த்தபடி பேசினார்.

"இந்த வீட்ல அவ யாருக்குப் போன் பண்றா? உனக்குத்தான். நடுவுல 'அப்பா எப்படியிருக்காரு'ன்னு கேப்பா, நீ 'நல்லாருக்காரு'ம்ப. அவ்வளவுதான் என் பங்கு. என்மேல கோவப்பட்டா அந்த ஒரு கேள்வி நிக்கும். உன்மேல கோவப்பட்டா போனே நின்னுடும். மூத்தவன் விலகிப் போனதத்தான் பாத்தோமே."

"உங்க பேரு போச்சேங்க."

"போச்சுதான்." அவர் வேனுக்கடியில் குனிந்தவர் நிமிர்ந்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். அவ செருப்ப ஒளிச்சு வெச்சிருக்கலாம், துணிய ஒளிச்சு வெச்சிருக்கலாம். போயும் போயும் பிரேக்கு சாமானா?"

திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சொன்ன வார்த்தை. அவள் இரண்டும் செய்யாமல் முன்னறைக்குத் திரும்பினாள். அவர் மறுபடி வேனுக்கடியில் போனார். சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. ரொட்டிக்காரர் வந்து, "என்ன கறார், பாப்பா வண்டி பாஸா?" என்று கேட்டபோதும் உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

பிள்ளை போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் தாண்டியும் போன் வரவில்லை. பட்டறையம்மாள் தானாக இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள், எதற்குப் பற்றவைத்தோம் என்று மறந்து அணைத்தாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் பித்துக்கும் ஒரு வரம்பு உண்டு, நான் அதைத் தாண்டிவிட்டேன் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

விளக்கு வைத்தபிறகு போன் அடித்தது.

"சேந்துட்டேன்மா."

"சாப்பிட்டியா?"

"ம்."

"போன காரியம்?"

"நான் போறதுக்குள்ள எல்லாரும் கிளம்பிட்டாங்க. அந்த இடத்த வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டாங்க. என் கூடப் படிச்சவன்தான். பசுவுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னே தெரியாது அவனுக்கு." வாலு மூக்கை உறிஞ்சினாள். "டாக்டர் மட்டும் எனக்காக உக்காந்திருந்தாரு. ரொம்ப வருத்தப்பட்டாரு. எல்லைப்பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்காம். யாருமே அங்க போக மாட்டேங்கறாங்களாம். நீ போறியான்னாரு. சரின்னுட்டேன்."

"எல்லைன்னா... எவ்வளவு தூரம்?"

"இங்கருந்து இன்னும் ஆறு மணி நேரம்."

பட்டறையம்மாள் கணக்குப் போட்டாள். ஐந்து மணி நேரத்தில் இருந்திருக்க வேண்டியவளைத் தன் கையாலேயே பதினொரு மணி நேரத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள். இழுத்து வைத்துக்கொள்ள நினைத்த கை செய்த வேலை.

"வாலு, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஹோஸு..."

"அப்பாவுக்காகப் பேசாதம்மா. இன்னிக்கு வேண்டாம். நான் ஏதாவது சொல்லிடுவேன்."

"அவருக்காக இல்லடி."

"அதுக்குத்தான் பேசற, எனக்குத் தெரியும். எப்பவும் நீதான் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் அடி வாங்குவ." "அம்மா, எனக்கு ஒரு உதவி பண்ணணும். உன்னாலதான் முடியும். வேலைக்குச் சேந்தா நம்பர மாத்தியாகணும். வண்டி உன் பேர்ல இருக்கு. நீ சம்மதம்னு கையெழுத்துப் போட்டாத்தான் இங்க நம்பர் குடுப்பாங்க. அப்பாவுக்குத் தெரியாம போட்டு அனுப்புவியா?"

கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. கறார் செய்தித்தாளை மடக்கி வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு ஏன்டி தெரியக்கூடாது?"

"தெரிஞ்சா அதையும் எங்கயாவது ஒளிச்சு வெச்சிடுவாரு. நீ ஒருத்திதான்மா எனக்கு அங்க நம்பறதுக்கு இருக்க. போடுவியா?"

உண்மையைச் சொல்லக் காலையில் ஒரு நேரம் இருந்தது. பெடலை அழுத்திக்கொண்டிருந்தபோது இன்னொரு நேரம் இருந்தது. இப்போது சொன்னால் இந்தக் குரலும் இல்லாமல் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த மனிதருக்கு மகள் இல்லாமல் போய்விடுவாள். பட்டறையம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போடறேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் எழுந்து வாசற்படிவரை வந்துவிட்டிருந்தார். மதியம் சாப்பிடாத முகம் சுருங்கிக் கிடந்தது.

"என்ன சொல்றா?"

"போய்ச் சேந்துட்டாளாம்."

"அந்த இடம்?"

"வேற இடம் பாத்துக்கறாளாம்."

அவர் தலையை ஆட்டினார். இன்னும் ஏதோ கேட்க வேண்டும்போல நின்றார். அவரைப் பற்றி மகள் ஏதாவது கேட்டாளா என்பதுதான் அது என்று அவளுக்குத் தெரியும். அதை அவர் கேட்கவில்லை.

"பிரேக்கு எப்படிப் பிடிக்குதாம்?"

"நல்லாப் பிடிக்குதாம்" என்றாள்.

காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு அவர் முகத்தில் வந்தது. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, மடக்கிய தாளை மறுபடி விரித்துக்கொண்டார். பிரேக்கைப் பற்றி அவள் மகளிடம் கேட்கவே இல்லை.